வளரும் வயதுக்கு இலக்கமிடுதல்

கூடைப்பந்தாட்டம் பிறந்த வரலாறு நேயர் பலரும் அறிந்ததே. 1891ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலே, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், பனிக்காலத்தில் மண்டபத்துள் அடைபட்டுக் கிடந்த இளைஞருக்கு உற்சாகமூட்டும் பொருட்டு, பீச்சுப்பழக் கூடைகள் இரண்டை மேன்மாடத்தின் விளிம்பிலே அறைந்து, அவற்றுள் பந்தை எறியுமாறு ஓர் ஆட்டத்தை வகுத்தார். இலங்கைப் பெண்கள் பாடசாலைகளில் விருப்புடன் ஆடப்படும் வலைப்பந்தாட்டம் இதன் வழிவந்த தங்கை.

அந்தக் கூடைப்பந்தாட்டத்துக்கு இன்று ஒரு நிழல் உண்டு. அந்நிழலில் பந்தும் இல்லை, கூடையும் இல்லை, வியர்வையும் இல்லை. கணனியின் உள்ளே முப்பது அணிகள். ஒவ்வோர் அணியிலும் பதினைந்து வீரர் வரை. பருவத்துக்கு எண்பத்திரண்டு ஆட்டங்கள். வீரர் யாவரும் கற்பனை மாந்தர். அவர்களின் பெயரையும் முகத்தையும் கணனியே புனைந்து விடுகின்றது. மனிதராக இருப்பவர் ஒருவரே. அவர் ஓரணியின் முகாமையாளர். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை வாங்கில் இருத்துவது என்று முடிவு செய்வது அவர் தொழில். வெற்றியும் வருவாயும் குன்றினால் கற்பனை உரிமையாளர் ஒருவர் அவரைப் பதவியினின்றும் நீக்கிவிடுவார். இணையத்திலே கட்டணமின்றிக் கிடைக்கும் ‘பாஸ்கெற்போல் ஜி.எம்.’ என்னும் விளையாட்டு இவ்வகையினது. இதன் குலம் பழையது. 1951இல் ‘அப்பா’ என்ற பெயரிலும், 1961இல் ‘ஸ்ற்றாட்-ஓ-மற்றிக்’ என்ற பெயரிலும் அமெரிக்கச் சிறுவர்களின் மேசைகளுக்கு வந்த அடிபந்தாட்ட விளையாட்டுகள், வீரர்களைச் சீட்டுகளாக்கிப் பகடை உருட்டி ஆட வைத்தன. பகடையின் இடத்தை இன்று கணனி பிடித்துக்கொண்டது; மற்றப்படி புதுமை அதிகமில்லை.

இத்தகைய விளையாட்டில் ஒருவருடைய நுண்ணறிவைச் சோதிக்கும் நாள் ஆண்டுக்கு ஒருமுறை வருகின்றது. அதுவே இளைஞர் தெரிவு நாள். பத்தொன்பது வயது முதல் இருபத்திரண்டு வயது வரையுள்ள எழுபது புதியவர்களின் பட்டியல் முன்னே விரிகின்றது. அவர்களுள் அறுபதுபேரை முப்பது அணிகளும் முறைவைத்து இரண்டு சுற்றுகளாக எடுத்துக்கொள்ளும். முந்திய பருவத்தில் தோல்வியுற்ற அணிகளுக்கே முன்னிடம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வயது, உயரம், பின்னர் இரண்டு இலக்கங்கள்: ஒன்று இன்றைய தரம், மற்றொன்று எதிர்காலத் தரம். அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒரு நாள் என்னவாவான் என்பதை ஈரிலக்க எண்ணொன்று கூறிவிடுகின்றது! உலகிலே பெற்றோர் எவருக்கும், ஆசிரியர் எவருக்கும் கிடையாத பேறு இது. ஆனால் அந்த எண்ணை எவ்வாறு படிப்பது என்பதிலேதான் சூட்சுமம் இருக்கின்றது.

புதிதாக விளையாட வருபவர் இன்றைய தரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். இது முதற்பிழை. எடுத்துக்காட்டாக, ஒருவனுக்கு வயது 22, இன்றைய தரம் 50. மற்றொருவனுக்கு வயது 19, இன்றைய தரம் 42. முன்னவன் நாளைக்கே பந்தை எடுத்துக்கொண்டு ஆடத் தகுந்தவன். பின்னவனோ இரண்டாண்டு வாங்கில் இருக்க வேண்டியவன். ஆயினும் அனுபவமுடைய முகாமையாளர் பெரும்பாலும் பின்னவனையே எடுப்பர். காரணம், இவ்விளையாட்டில் ஒவ்வொரு பருவம் முடியும்போதும் ஒவ்வொரு வீரனின் தரமும் மாறுகின்றது. அம்மாற்றத்தில் ஒரு பங்கு வயதைச் சார்ந்தது, ஒரு பங்கு பகடையைச் சார்ந்தது. பத்தொன்பதிலும் இருபதிலும் வயதின் பங்கு நன்றாக மேலே தள்ளுகின்றது. இருபத்தைந்தை அணுகும்போது அது ஓய்ந்து, முப்பதைத் தாண்டியபின் கீழே இழுக்கத் தொடங்கும். பகடையின் பங்கும் இளைஞர் பக்கமே சாய்ந்துள்ளது. இளையவனுக்கு ஓராண்டில் பெருந்தாவல் நிகழலாம். பெருவீழ்ச்சி நிகழ்வது அரிது. ஆகவே பட்டியலில் முதலிற் பார்க்க வேண்டிய எண் தரமன்று, வயதே. மூன்று வயது மூத்தவன் எட்டு இலக்கம் முன்னிற்பது முன்னேற்றம் ஆகாது. அவன் ஓட்டத்தை முன்னதாகத் தொடங்கியவன், அவ்வளவே. ஒரே வகுப்பில் தை மாதம் பிறந்தவனும் அவ்வாண்டு மார்கழியிற் பிறந்தவனும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதும்பொழுது நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே. கனடாவின் பனிவளைகோல் ஆட்டத்தில், ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தவர்களே உயர்மட்ட அணிகளிற் பெருகியிருப்பதை 1985இல் றொஜர் பார்ன்ஸ்லி என்னும் உளவியலாளர் எடுத்துக்காட்டினார். பத்து வயதில் பதினொரு மாத மூப்பைத் திறமையென்று எண்ணித் தெரிந்தெடுத்தவர்களின் பிழை, இருபது வயதிலும் அழியாமல் நின்றது.

முதற்பிழையைத் திருத்திக்கொண்டவர் இரண்டாம் பிழையிலே விழுவார். அவர் எதிர்காலத் தரத்தை மட்டும் நோக்கி, 66 என்று கண்டால் 66 என்றே நம்பிவிடுவார். அந்த 66 வாக்குறுதியன்று. அந்தப் பிள்ளைக்கு நேரக்கூடிய பல வாழ்வுகளையும் ஒன்றாகத் திரட்டி இறக்கிய ஒரு மதிப்பீடு அது. அதே 66 உடைய பத்துப்பேரை எடுத்துக்கொண்டால், ஒருவன் 75ஐ எட்டி லீக்கின் முதல்வனாகலாம். மூவர் நால்வர் நல்ல ஆட்டக்காரராகலாம். ஏனையோர் 50 அளவில் நின்று வாங்கின் ஓரத்திலேயே காலங்கழிக்கலாம். எண் ஒன்றே, அதன் பின்னாலுள்ள கதைகள் பத்து.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. முகாமையாளருக்குக் காட்டப்படும் இலக்கம் உண்மை இலக்கமன்று. வேண்டுமென்றே சற்று மங்கலாக்கப்பட்டது. புதியவர்களைத் தேடிப் பார்த்துவரும் நோட்டக்காரருக்கு அணி கூடுதலாகச் செலவிட்டால் மங்கல் குறையும், முற்றாக நீங்காது. எழுபதுபேரை இவ்வாறு மங்கலான கண்ணால் அளந்து, அவர்களுள் மிக உயர்ந்த இலக்கமுடையவனை எடுப்பதாக வைத்துக்கொள்வோர், ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அவன் மிகத் திறமைசாலி என்பதால் முதலிடத்தில் நிற்கக்கூடும். அவனை அளந்த கோல் மேற்பக்கம் பிழைத்துவிட்டது என்பதாலும் நிற்கக்கூடும். பெரும்பாலும் இரண்டுஞ் சேர்ந்தே அவனை அங்கு ஏற்றியிருக்கும். ஆகவே முதலிடம் பெற்றவன் பின்னர் சற்றே ஏமாற்றந் தருவது அவன் சோம்பலினால் என்று எப்போதும் சொல்ல இயலாது. பரீட்சையில் மாவட்டத்திலேயே முதல்வனாக வந்த பிள்ளையின் அடுத்த பரீட்சைப் பேறு சற்றுக் குறைந்தால் ஊரார் தலையை ஆட்டுவது வழக்கம். அவன் அன்றிருந்தவனே, அன்றைய புள்ளியில்தான் கொஞ்சம் அதிட்டமும் சேர்ந்திருந்தது.

பதினைந்து தனித்தனி இயல்புகளின் கூட்டே வீரனின் தரம். உயரம், வலிமை, வேகம், பாய்ச்சல், நிலைத்து ஆடும் ஆற்றல் ஆகிய உடலியல்புகள் ஒரு பக்கம். பந்தெறிதல், பந்து தட்டி ஓடுதல், பந்து பகிர்தல், மீளும் பந்தைப் பற்றுதல், தாக்கும்போதும் காக்கும்போதும் வேண்டப்படும் ஆட்ட அறிவு ஆகியவை மற்றொரு பக்கம். இவை யாவும் ஒரே காலத்தில் வளர்ந்து ஒரே காலத்தில் தேய்வன அல்ல. வேகமும் பாய்ச்சலும் முதலில் விடைபெறும். எறியுந் திறன் நெடுங்காலம் நிற்கும். ஆட்ட அறிவு இளமையில் மெல்ல மெல்லத் தானாகவே ஏறும். உயரமோ ஏறக்குறைய இருந்தபடியே இருக்கும். எனவே கைதேர்ந்த முகாமையாளர் ஒரு பத்தொன்பது வயதினனை நோக்கும்போது, ‘இவனிடம் இப்போது இல்லாததில் எது வயதோடு வரும், எது வராது’ என்றே வினவுவார். நெட்டையாயும் ஆட்ட அறிவு குறைந்தவனாயும் உள்ள பிள்ளையின் குறை காலத்தாலே தீரக்கூடியது. குட்டையாயும் கூர்மதி உடையவனாயும் உள்ளவனின் குறை அப்படியன்று. கொடுமையான கணக்குத்தான், ஆனால் பத்தடி உயரத்தில் கூடையை அறைந்த ஆட்டத்தில் வேறு கணக்கை எதிர்பார்ப்பதற்கில்லை.

இனி, கூடைப்பந்தாட்டத்திற்கே சிறப்பாகவுள்ள ஒரு காரணத்தையும் கருதவேண்டும். களத்தில் ஒரு பக்கத்துக்கு ஐவரே. கிரிக்கெற்றில் பதினொருவருள் ஒருவன் எத்துணைச் சிறந்தவனாயினும் ஏனைய பதின்மரின் குறையை முற்றாக மறைக்க முடியாது. ஐவருள் ஒருவன் ஒப்பற்றவனாயின் அணியின் தலையெழுத்தே மாறிவிடும். இதனால் 60 தரமுடைய இருவரைக் காட்டிலும் 75 தரமுடைய ஒருவன் மதிப்பு மிக்கவன். அந்த ஒருவன் வேண்டுமாயின், ஏற்ற இறக்கம் மிகுந்த இளையவனிடத்தே பணயம் வைத்தாக வேண்டும். தோற்றால் இழப்பு சிறிது. ஏனெனில் புதியவனுக்குரிய ஊதியம் குறைவு, ஒப்பந்தக் காலமும் சிலவாண்டுகளே. வென்றால் பேறு பெரிது. ஆகவே நலிந்த அணி பத்தொன்பது வயதினனை எடுப்பது முறை. இவ்வாண்டே கிண்ணத்தை எட்டிவிடலாம் என்றிருக்கும் அணி இருபத்திரண்டு வயதினனை எடுப்பதும் முறை. ஒரே பிள்ளை ஓரணிக்கு மாணிக்கம், மற்றோரணிக்குப் பாரம்.

நிழலில் இந்தத் தருக்கத்துக்குக் குறையில்லை. ஆனால் இழப்பு சிறிது என்று மேலே கூறியபோது, அது அணிக்கு நேரும் இழப்பையே குறித்தது. மற்ற இழப்பை யார் தாங்குகின்றனர் என்பது நிழலிலே தெரியாது. தோற்றுப்போன கற்பனை இளைஞனை முகாமையாளர் ஓர் அழுத்தில் நீக்கிவிடுகின்றார். அவன் ஓய்வு பெற்றோர் பட்டியலில் ஒரு வரியாகிவிடுவான். மெய்யான லீக்கின் கதை வேறு.

அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம், அஃதாவது என்.பி.ஏ., நெடுங்காலம் உயர்பள்ளி முடித்து நான்கு ஆண்டு கழியாதவனைச் சேர்ப்பதில்லை என்ற விதியைக் கொண்டிருந்தது. 1971இல் ஸ்பென்சர் ஹேவூட் என்னும் வீரரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முடிவு அவருக்குச் சார்பாக அமையவே, அவ்விதி தளர்ந்தது. 1974இல் மோசஸ் மலோன் உயர்பள்ளியிலிருந்து நேரே போட்டிச் சங்கமொன்றின் அணிக்குச் சென்றார். 1975இல் இருவர் என்.பி.ஏ.யின் தெரிவிலேயே உயர்பள்ளியிலிருந்து எடுக்கப்பட்டனர். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தக் கதவு திறந்திருந்தும் அதனூடு பிள்ளைகள் நடந்து வரவில்லை. 1995இல் கெவின் கார்னெற் வந்தார். மினசோற்றா அணி அவரை ஐந்தாம் இடத்தில் எடுத்தது. அவர் இருபத்தொரு பருவங்கள் ஆடி, 2004இல் லீக்கின் தலைசிறந்த வீரராகவும், 2008இல் வாகை சூடிய அணியினராகவும் விளங்கினார். அடுத்த ஆண்டு கோபி பிறயன்ற் வந்தார். பன்னிரண்டு பெயர்கள் அறிவிக்கப்பட்ட பின்னர், பதின்மூன்றாம் பெயராகச் சார்லொற் அணி அவரை எடுத்து, லொஸ் ஏஞ்சலிஸ் அணிக்குக் கைமாற்றியது. பின்னாளில் ஐந்து கிண்ணங்களை வென்ற அவர், முதற்பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி எட்டுப் புள்ளிகூட எடுத்தாரல்லர்.

அணிகளுக்கு ஆசை பிறந்தது. 2001இல் வாஷிங்ரன் அணி, உயர்பள்ளி மாணவரான குவாமே பிறவுணை முதலாவது இடத்திலேயே எடுத்தது. உயர்பள்ளியிலிருந்து வந்த ஒருவர் முதலிடத்திற் தெரிவானது அதுவே முதல் முறை. தெரிவு செய்த பொறுப்பிலிருந்தவர் வேறெவருமல்லர்; மைக்கல் ஜோர்டன். ஆட்டத்தை அவரளவு அறிந்தவர் உலகில் மிகச் சிலரே. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜோர்டனே உயர்பள்ளியின் நடுவகுப்பில் பயின்ற காலத்தில், உயரம் போதாதென்று பாடசாலையின் முதலணியில் இடம்பெறாது இளையோர் அணிக்கு அனுப்பப்பட்டவர். இளவயதில் பிழையாக அளக்கப்பட்டவர்க்கும், பிறரை அளக்கும் முறை வந்தபோது கோல் நேராகிவிடவில்லை.

பிறவுண் பன்னிரண்டு பருவங்கள் அந்த லீக்கிலே ஆடினார். உலகிலுள்ள பல கோடி இளைஞருள் பன்னிரண்டு பருவம் அங்கு நிலைப்பவர் எத்தனைபேர்? இருபதாம் இடத்திலே எடுக்கப்பட்டிருந்தால் அவரைப் பயனுள்ள வீரர் என்றே கூறியிருப்பர். முதலிடம் அவர் கேட்டதன்று, பிறர் இட்டது. இருந்தும் அந்த இலக்கத்துக்கும் அவர் எடுத்த புள்ளிகளுக்கும் இடையிலிருந்த தூரத்தையே அரங்குகள் தோறும் கூவினர். தோல்வியின் பெயராகவே அவர் பெயரை வழங்கினர். மதிப்பிட்டவர்களின் பிழை மதிக்கப்பட்டவரின் பெயரில் எழுதப்பட்டது. இது விளையாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

2003ஆம் ஆண்டின் தெரிவு இன்னுஞ் சுவையானது. முதலிடத்தில் பதினெட்டு வயதினரான லெப்ரோன் ஜேம்ஸை கிளீவ்லண்ட் அணி எடுத்தது. அவரைப் பற்றி ஐயமுற்றவர் அதிகமில்லை. கோல் அங்கே பிழைக்கவில்லை. இரண்டாம் இடத்தில் டெற்றோயிற் அணி, சேர்பியாவைச் சேர்ந்த டார்க்கோ மிலிச்சிச்சை எடுத்தது. அவர் பதினெட்டு வயது நிறைந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஏழடி உயரம், இடது கை, மென்மையான எறி. பட்டியலிலே பார்த்தால் எவரும் மயங்குவர். அவருக்குப் பின்னே எடுக்கப்பட்ட மூவரும், அஃதாவது கார்மெலோ அன்ரனி, கிறிஸ் பொஷ், டுவெயின் வேட் ஆகியோர், பெரும்புகழ் ஈட்டினர். மிலிச்சிச்சின் அணியோ 2004இல் கிண்ணத்தையே வென்றது. அவர் அந்தப் பருவத்தைப் பெரும்பாலும் வாங்கிலிருந்து பார்த்தார். பின்னர் பல அணிகள் மாறி, சொந்த நாடு திரும்பிப் பழத்தோட்டம் வைத்தார்.

வாங்கில் இருத்துவதால் ஒரு பிள்ளை கெடுமா? இக்கேள்விக்கு நிழல்கள் தம்முள் மாறுபட்ட விடை தருகின்றன. முன்பு கூறிய பாஸ்கெற்போல் ஜி.எம்.மில், களத்தில் இறங்காதவனும் இறங்கியவன் போலவே வளருவான். வயதும் பகடையும், பயிற்சியாளருக்கு அணி செய்யும் செலவுமே அவனை ஆளும். 2007இல் தொடங்கிய ‘பஸர்பீற்றர்’ என்னும் இன்னொரு விளையாட்டிலோ, பயிற்சியின் முழுப்பயன் வேண்டுமாயின் இளைஞன் கிழமைக்கு நாற்பத்தெட்டு நிமிடமாவது உரிய இடத்திலே ஆடியிருக்க வேண்டும். அங்கே இளையவனை வளர்ப்பவர் ஆட்டத்தில் தோல்வியையும் விலையாகக் கொடுக்க நேரும். (அவ்விளையாட்டில் ஒருவனுடைய எதிர்கால எல்லையை எண்ணாற் கூறாது பட்டப்பெயராற் கூறுவர். மிகத் தாழ்ந்த படிக்கு ‘அறிவிப்பாளன்’ என்று பெயர். வானொலியோடு உறவுடையோர் இதைப் பொறுத்தருள வேண்டும்.) இரண்டிலும் இரண்டாவதே வாழ்வுக்கு அணித்தானது. கோபி பிறயன்ற் எடுக்கப்பட்ட 1996ஆம் ஆண்டிலேயே, ஜேர்மெயின் ஓநீல் என்ற உயர்பள்ளி மாணவரைப் போட்லண்ட் அணி பதினேழாம் இடத்தில் எடுத்தது. மூத்த வீரர் நிறைந்திருந்த அவ்வணியில் நான்கு பருவங்கள் அவர் பெரும்பாலும் வாங்கிலேயே இருந்தார். அந்நான்கு ஆண்டின் கணக்கை மட்டும் பார்த்தவர் அவரைத் தோல்வி என்று எழுதியிருப்பர். 2000இல் இண்டியானா அணிக்கு மாற்றப்பட்டதும் நாடோறும் ஆடக் கிடைத்தது. 2002 முதல் தொடர்ந்து ஆறு ஆண்டுகள் லீக்கின் தலைசிறந்தோர் ஆட்டத்துக்கு அவர் தெரிவானார். எந்தப் பட்டியலிலும் இல்லாத பதினாறாவது இயல்பு ஒன்று உண்டு: ஆடக் கிடைத்தல். அது வீரனிடத்தில் இருப்பதன்று. பிறர் கையில் இருப்பது.

பாஸ்கெற்போல் ஜி.எம்.மில் மெய்யான வீரரைக் கொண்டே பழைய பருவங்களை மீண்டும் ஆட வழியுண்டு. அங்கே ஒரு திருகு இருக்கின்றது. அதனை ஒரு கோடிக்குத் திருப்பினால், வீரர் யாவரும் வரலாற்றில் வளர்ந்தபடியே வளர்வர். மறுகோடியில் விட்டால், தெரிவு நாளிலிருந்த தரத்தோடு பகடையின் கையிலே அவர்களை ஒப்படைத்துவிடலாம். 2003ஆம் ஆண்டை இவ்வாறு பத்து முறை ஓடவிட்டால் பத்து வரலாறுகள் பிறக்கும். ஒன்றிலே மிலிச்சிச் நட்சத்திரமாகலாம். இன்னொன்றிலே வேட் பெயரற்றுப் போகலாம். இது வீண் விளையாட்டென்று சிலர் நகைப்பர். ஆயினும், நடந்துவிட்டதை ‘அது அப்படித்தான் நடந்திருக்கும்’ என்று பின்னின்று பேசும் நோய்க்கு இதைவிட நல்ல மருந்து காண்பதரிது. டெற்றோயிற் அணியினர் மூடர் என்பது இருபதாண்டு கழித்துப் பேசுவோரின் ஞானம். அவர்கள் அன்று எடுத்தது பகடையின் ஒரு முகம். விழுந்தது மற்றொரு முகம்.

பிழைகள் பெருகவே, 2005ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் சங்கம் வயதெல்லை ஒன்றை வகுத்தது. 2006ஆம் ஆண்டுத் தெரிவு முதல், அந்த ஆண்டுக்குள் பத்தொன்பது வயது நிறையாதவரும், அமெரிக்க மாணவராயின் உயர்பள்ளிக் காலம் முடிந்து ஓராண்டு கழியாதவரும் தெரிவுக்கு வரவியலாது. பிள்ளைகளின் நன்மை கருதியே இது செய்யப்பட்டது என்பார் பலர். அதில் உண்மை சிறிதும் இல்லையென்று கூறலாகாது. ஆயினும் விதியின் பயனை நேராக அனுபவித்தவர்கள் அணிகளே. இன்னும் ஓராண்டு அப்பிள்ளையை உயர்ந்த போட்டியிலே பார்த்து, மங்கலைச் சற்றுக் குறைத்துக்கொள்ள அவர்களுக்கு வாய்த்தது. அந்த ஓராண்டின் ஊதியத்தை இழந்தவர் யாரெனின், அளக்கப்பட்ட பிள்ளை. கோலின் குற்றத்துக்குத் துணியைக் காத்திருக்க வைத்ததை ஒத்தது இது.

வயதெல்லைக்கு உட்பட்டும் கோல் பிழைத்துக்கொண்டுதான் இருந்தது, இம்முறை மறுபக்கமாக. 2013இல் யான்னிஸ் அன்டெற்றோக்கூம்போ என்னும் பதினெட்டு வயதினரை மில்வோக்கி அணி பதினைந்தாம் இடத்தில் எடுத்தது. நைஜீரியப் பெற்றோருக்கு ஏதென்ஸ் நகரில் பிறந்து, கிரேக்க நாட்டின் இரண்டாந் தர லீக்கில் ஆடியவர் அவர். முதற்பருவத்தில் அவர் எடுத்த சராசரி 6.8 புள்ளி. அதன்பின் ஏறக்குறைய இரண்டங்குலம் வளர்ந்தார், உடலில் வலிமையேறியது, 2019இலும் 2020இலும் லீக்கின் தலைசிறந்த வீரரானார். 2021ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் கிண்ணத்தை முடிவு செய்த ஆட்டத்திலே தனியொருவராக ஐம்பது புள்ளிகளைக் குவித்தார். உயரம் மாறாது என்று கொண்ட விளையாட்டின் சூத்திரம் அவரிடத்திலே தோற்றது.

பாய்ச்சலையும் வேகத்தையும் பெரிதாக மதிக்கும் கண்களுக்கோ மற்றொரு பாடம் காத்திருந்தது. நிக்கோலா யோக்கிச் என்னும் பத்தொன்பது வயதுச் சேர்பியர் பருத்த உடலினர், மெதுவாக ஓடுபவர், நிலத்தைவிட்டு அதிகம் எழும்பாதவர். அவரிடம் மிகுந்திருந்தவை பந்து பகிரும் கையும், யார் எங்கே செல்வார் என்பதை ஒரு கணம் முன்னரே அறியும் மதியும். வயதோடு தேயாத இயல்புகள் எவையென்று மேலே கூறப்பட்டதோ, ஏறக்குறைய அவையே. 2014ஆம் ஆண்டுத் தெரிவில் நாற்பது பெயர்கள் அவருக்கு முன்னே சென்றன. அடுத்த ஓராண்டையும் சேர்பியாவிலே கழித்துப் பின்னரே அவர் டென்வர் அணியிற் சேர்ந்தார். 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் லீக்கின் தலைசிறந்த வீரர் விருதும், 2023இல் டென்வர் அணி அதுகாறும் கண்டிராத கிண்ணமும் பின்னர் வந்தவை.

நாற்பத்தொன்றாம் தெரிவாக அவருடைய பெயர் வந்த அந்த வேளையில், அமெரிக்கத் தொலைக்காட்சியிலே உணவகமொன்றின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் திரையின் அடியில் ஒரு வரியாக வந்து மறைந்தது. யோக்கிச் அப்பொழுது சேர்பியாவில் உறங்கிக்கொண்டிருந்தார்.